கழுத்து வலி யாருக்கு வருது, ஏன் வருது? உங்க கேள்வி, பிசியோதெரபிஸ்ட் பதில்

கழுத்து வலி பத்தி வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் இந்த தடவ ரொம்ப அதிகம், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு முழுசா இதையே எடுத்துக்கிட்டேன். எழுதினவங்கள்ல முக்காவாசிப் பேர் மருந்து கேக்கல, "எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு"ன்னுதான் கேட்டிருக்காங்க. பேர் போடாம, ஊர் மட்டும் போட்டிருக்கு.

வயசு 29, ஐடி வேலை. ரெண்டு மாசமா கழுத்து வலி. எம்ஆர்ஐ எடுத்தேன், சி5-சி6 டிஸ்க் பல்ஜ், ஆரம்பக்கட்ட தேய்மானம்னு ரிப்போர்ட். இந்த வயசுலயே தேய்ஞ்சு போச்சேன்னு வீட்ல எல்லாரும் பயந்துட்டாங்க. பைக் ஓட்டாத, ஜிம் போகாதங்கிறாங்க. காலர் வாங்கி மாட்டிக்கிட்டு இருக்கேன். இது ஆயுசுக்கும் இருக்குமா?
(வாசகர், சோழிங்கநல்லூர்)

தம்பி, அந்த ரிப்போர்ட்ட நெனச்சு தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க. சி5-சி6ங்கிறது கழுத்தோட அஞ்சாவது, ஆறாவது எலும்பு, டிஸ்க்குங்கிறது அதுக்கு நடுவுல இருக்கிற மெத்தை, பல்ஜ்னா அது லேசா வெளிய புடைச்சிருக்குன்னு அர்த்தம். ஜப்பான்ல கழுத்துல ஒரு வலியும் இல்லாத 1,211 பேர கூப்பிட்டு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க, 2015ல அந்த ஆய்வு வந்துச்சு, அவங்கள்ல 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்துச்சு. இருபதுகள்ல இருக்கிற பசங்க பொண்ணுங்கள மட்டும் தனியா எடுத்தாக்கூட நாலுல மூணு பேருக்கு இருந்துச்சு. இவங்க யாருக்கும் வலி கிடையாது, நல்லா நடமாடிட்டு இருந்தவங்க. அதனால உங்க ரிப்போர்ட்ல இருக்கிறதுதான் உங்க வலிக்குக் காரணம்னு அந்தக் காகிதத்த மட்டும் வச்சு சொல்லவே முடியாது. வலி கைக்கு இறங்குது, விரல் மரத்துப் போகுது, பிடி தளருதுன்னா அது வேற கதை, அப்ப டாக்டர் அந்தப் படத்தையும் உங்க கையையும் சேத்து வச்சுப் பாப்பார். அப்படி எதுவும் நீங்க எழுதல.

2000லேருந்து 2010 வரைக்கும் "எலும்பு மூட்டுப் பத்தாண்டு"ன்னு உலக அளவுல ஒரு இயக்கம் நடந்துச்சு. அதுல கழுத்து வலிக்குன்னே ஒரு குழு உக்காந்து அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் சலிச்சு எடுத்து 2008ல வெளியிட்டாங்க. அவங்க சொன்னதுல நான் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றது ஒண்ணு இருக்கு, டிஸ்க் தேய்மானத்தால கழுத்து வலி வரும்னு சொல்றதுக்கு ஆதாரம் கிடைக்கல. அதுக்கு பதிலா அவங்க பட்டியல்ல என்ன இருந்துச்சுன்னா, நடு வயசு, பெண்ணா இருக்கிறது, மனசு சரியில்லாம இருக்கிறது, சிகரெட் புகை (நாம பிடிக்கிறதும் சரி, அடுத்தவங்க விடுறதும் சரி), வேலை பாக்குற இடத்துல தலைக்கு மேல வேலை, கூட இருக்கிறவங்க ஒத்தாசை இல்லாதது, உக்காந்தே செய்யிற வேலை, ஒரே அசைவத் திரும்பத் திரும்ப செய்யிற வேலை, நுணுக்கமா பாத்து செய்யிற வேலை. ஏற்கனவே ஒரு தடவ வந்தவங்கள்ல பாதிக்கு மேல அடுத்த ஒண்ணுலேருந்து அஞ்சு வருஷத்துல மறுபடி வலின்னு சொல்லியிருக்காங்க, அதனால "ஒரே ஊசில போயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வரும் போகும், வந்தா பயப்படாம சமாளிக்கிற அளவுக்கு ஆக்கிக்கலாம்.

இப்ப நான் உங்கள கேக்குறேன், இந்த ரெண்டு மாசத்துல ஆபீஸ்ல ரிலீஸ் (சாஃப்ட்வேர முடிச்சு வெளியிடுற நெருக்கடி) எதுவும் இருந்துச்சா? ராத்திரி ஆபீஸ் ஃபோன் கால் முடிச்சு எத்தன மணிக்குத் தூங்குனீங்க? லேப்டாப்ப கட்டில்ல வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் எழுந்திரிக்காம இருந்தீங்களா? ஸ்கேன் எடுக்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இதெல்லாம். சரியில்லாத தூக்கம் கழுத்து வலியத் தள்ளிக் கொண்டு வருது, வந்ததப் போகவும் விடாது, இத நான் நோயாளிங்ககிட்ட பாத்துக்கிட்டே இருக்கேன்.

காலரக் கழட்டுங்க. எலும்பு முறிவு, ஆபரேஷன் மாதிரி டாக்டர் சொல்ற காரணம் இருந்தாத்தான் அது வேணும், சும்மா வலிக்குன்னு வாரக்கணக்குல மாட்டினா கழுத்துச் சதை வேலை செய்ய மறந்து இன்னும் பலவீனமாகும். ஜிம்முக்குப் போங்க, எடைய மட்டும் கொறச்சு ஆரம்பிங்க. டென்மார்க்ல அடிக்கடி கழுத்து தோள்பட்டை வலி இருக்கிற 198 ஆபீஸ் ஊழியர்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2011ல வந்துச்சு. எலாஸ்டிக் பேண்ட் புடிச்சு ரெண்டு கையையும் பக்கவாட்டுல தூக்குற ஒரே பயிற்சி, ஒரு குழு தினம் ரெண்டு நிமிஷம், இன்னொரு குழு பன்னெண்டு நிமிஷம், வாரத்துல அஞ்சு நாள், பத்து வாரம். ரெண்டு நிமிஷம் செஞ்சவங்களுக்கும் வலி நல்லாவே கொறஞ்சுது. ரெண்டு நிமிஷம் எந்த ரிலீஸ்லயும் கிடைக்கும். ஸ்கிரீன கண்ணு மட்டத்துக்குத் தூக்குங்க, தனி கீபோர்டு வாங்குங்க, ஃபோன்ல பேசும்போதெல்லாம் எழுந்து நடங்க. பைக் தாராளமா ஓட்டலாம்.

பனியன் கம்பெனில ஓவர்லாக் மெஷின் ஓட்டுறேன், வயசு 41. காலைல எட்டரைக்கு உக்காந்தா ராத்திரி எட்டு ஆயிரும். பொடனில ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும் இறுக்கிப் புடிக்குது, ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. என் லைன்ல இருக்கிற பாதி பொம்பளைங்களுக்கு இதே வலிதான். வயசானா வர்றதுதான்னு மாத்திரை போட்டுட்டு ஓட்டுறோம். இதுக்கு வழி இருக்கா?
(வாசகி, திருப்பூர்)

இந்தக் கடிதத்த படிச்சதும், மேல சொன்ன 2008 பட்டியல எடுத்து இத பக்கத்துல வச்சுப் பாத்தேன். பெண், நடு வயசு, உக்காந்த வேலை, ஒரே அசைவு, நுணுக்கமான வேலை, டார்கெட் நெருக்கடி, அத்தனையும் உங்க ஒரு ஸ்டூல் மேல உக்காந்திருக்கு. வயசானதால வர்றதுன்னா உங்க லைன்ல பாதிப் பேருக்கு ஒரே மாதிரி வருமா? அந்த வேலை நடக்குற விதம்தான் காரணம், இத உங்க சூப்பர்வைசர் படிச்சாலும் நல்லது.

என்ன நடக்குதுன்னு பாருங்க. ஊசி ஓடுற இடத்த பாக்கணும்னா தலை முன்னாடி சாயணும். துணிய ரெண்டு கையாலயும் தள்ளிவிடணும்னா கை ரெண்டும் மேஜைக்கு மேல தூக்கியே இருக்கணும், அப்ப தோள்பட்டையிலேருந்து பொடனிக்குப் போற சதை ஒரு நிமிஷம்கூட தளராது. அஞ்சு லிட்டர் தண்ணிக் கேன கையில தூக்கிட்டு நடந்தா ஒண்ணும் தெரியாது, அதையே கைய நீட்டிப் புடிச்சுக்கிட்டு நில்லுங்கன்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல கடுக்கும், உங்க பொடனிக்கு நடக்கிறது ரெண்டாவது. இதுக்கு மேல மெஷின் மேஜை உயரம் எல்லாருக்கும் ஒண்ணு, உக்கார்ற ஸ்டூலுக்கு முதுகுச் சாய்மானம் கெடயாது, பெடல் உள்ள தள்ளி இருந்தா கால் எட்டுறதுக்காக நுனில வந்து உக்காருவீங்க, உடம்பு மொத்தமும் கூனும்.

செய்ய முடிஞ்சதச் சொல்றேன். ஸ்டூல் மேல மடிச்ச துணியோ மரப்பலகையோ போட்டு உயரத்த ஏத்துங்க, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரணும், தோள் தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. பெடல உங்க பக்கம் இழுத்து வைக்கச் சொல்லி மெக்கானிக்கக் கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை அது. ஊசி மேல லைட் சரியா விழுதான்னு பாருங்க. அப்புறம், முக்கியமா, கண்ணு. நாப்பது தாண்டினா வெள்ளெழுத்து வரும், நூல் கோக்க ஊசிய தள்ளி வச்சுப் பாக்குறீங்களா, இல்ல மொகத்த மெஷின்கிட்ட கொண்டு போறீங்களா? கண்ணாடி போடாம தைக்கிற எத்தனையோ பேர் கழுத்து வலின்னு வந்து கண்ணாடி போட்டதும் பாதி வலி கொறஞ்சு போயிருக்காங்க, ஆனா இத யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க.

பண்டல் மாத்தும்போதெல்லாம் ரெண்டு கையையும் தொங்கவிட்டு தோள மேல தூக்கிப் பின்னாடி சுத்தி விடுங்க, அஞ்சு தடவ, பத்து செகண்டுதான், பீஸ் கொறையாது. டீ டைம்ல உக்காந்து ஃபோன் பாக்காம எழுந்து நடங்க. லைன்ல பேசி வச்சுக்கிட்டு ஒருத்தருக்கு முடியலன்னா அடுத்தவங்க கை கொடுக்குற பழக்கம் இருந்தா அதுவும் வலியக் கொறைக்குது, ஒத்தாசை இல்லாத இடத்துல வலி கூடுதலா இருக்குன்னு ஆராய்ச்சியே சொல்லுதில்ல. உங்களுக்கு ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா அந்தக் கார்டோட டிஸ்பென்சரிக்குப் போய் பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, உங்க சம்பளத்துல பிடிச்ச காசு அது. தினம் வலி மாத்திரை மட்டும் வேணவே வேணாம், வருஷக்கணக்குல போட்டா வயிறும் கிட்னியும் கெடும்.

அம்மா மலையில கொழுந்து எடுக்கிறவங்க, இருபத்தஞ்சு வருஷமா. கூடைக் கயித்த தலையில மாட்டித்தான் எடுப்பாங்க. இப்ப கழுத்த நிமித்தவே கஷ்டப்படுறாங்க, உச்சந்தலையும் வலிக்குதுன்னு சொல்றாங்க. கூடையினாலயா இது?
(வாசகி, ஹட்டன், இலங்கை)

தங்கச்சி, கூடைக்கும் இதுல பெரிய பங்கு இருக்கு. கயிறு நெத்திக்கு மேல விழுது, கூடை முதுகுல பின்னாடி இழுக்குது, அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்க கழுத்து முன்னாடி தள்ளிக்கிட்டே நிக்கணும். அதோட கண்ணு எப்பவும் கீழ தளிர்ல இருக்கும், ரெண்டு கையும் ஒரே வேகத்துல கிள்ளிக்கிட்டே இருக்கும், சரிவுல கால் வழுக்காம பாத்துக்கணும், மழை பெஞ்சா நனைஞ்ச கொழுந்து இன்னும் கனம். எடை போடுறதுக்குள்ள கூடை நெறையணும், கிலோ கொறஞ்சா அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும்னு ஒரு பதட்டம் வேற. சுமை, பதட்டம், ஓய்வு இல்லாதது எல்லாம் சேந்துதான் அம்மா கழுத்துல உக்காந்திருக்கு.

நம்ம ஊர்ல சும்மாடு வச்சு தலையில ஜல்லி சுமக்குற சித்தாள் பெண்களுக்கும் கழுத்து எலும்பு மாற்றம் சீக்கிரமா தெரியுது. தலைச்சுமை நேரா எலும்பு மேலயே இறங்குறதால அது டிஸ்க் பல்ஜ் ரிப்போர்ட்டு மாதிரி லேசா விடுற விஷயம் இல்ல.

கயித்த அகலமான துணிப் பட்டையா மாத்துங்க, தலையில மாட்டுறத ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தோளுக்கு மாத்த முடியுமான்னு பாருங்க, தோள்ல மாட்டுற பை குடுக்கிற தோட்டம்னா இன்னும் நல்லது. கூடை நெறையிற வரைக்கும் காத்திருக்காம பாதியிலேயே எறக்கி வச்சு நிமிந்து நிக்கணும், ரெண்டு தோளையும் பின்னாடி இழுக்கணும், மோவாய உள்ள இழுத்து பின்தலைய மேல தூக்குற மாதிரி அஞ்சு தடவ. வீட்டுக்கு வந்ததும் தண்ணிக் குடத்தையும் வெறகையும் அவங்க தலையிலயே ஏத்தாதீங்க, அத நீங்களும் தம்பிமாரும் பாத்துக்கோங்க. கழுத்த நிமித்தவே கஷ்டப்படுறாங்கன்னு எழுதியிருக்கிறதால ஒரு எக்ஸ்ரேயும் டாக்டர் பரிசோதனையும் கண்டிப்பா வேணும், கையில பலம் எப்படி இருக்குன்னு டாக்டர் பாக்கணும். இத தள்ளிப் போடாதீங்க.

பிளஸ் டூ படிக்கிற பையன் எந்நேரமும் ஃபோன்ல குனிஞ்சே இருக்கான். குனிஞ்சா கழுத்துல 27 கிலோ ஏறுதுன்னு வாட்ஸ்அப்புல படம் வந்துச்சு. பயமா இருக்கு, கழுத்து வளைஞ்சு போயிடுமா?
(வாசகி, மதுரை)

அந்தப் படம் 2014ல நியூயார்க்ல ஒரு முதுகெலும்பு சர்ஜன் போட்ட கணக்கு. நேரா இருந்தா அஞ்சு கிலோ சொச்சம் இருக்கிற தலை அறுபது டிகிரி குனிஞ்சா 27 கிலோ மாதிரி அழுத்துதுன்னு கம்ப்யூட்டர் மாடல் வச்சு கணக்குப் போட்டாரு. அது கணக்குதான், அவ்வளவு பேரு கழுத்து வலில விழுந்தாங்கன்னு ஆள் வச்சுப் பாத்த ஆய்வு இல்ல. ஆள் வச்சுப் பாத்தது ஆஸ்திரேலியாவுல பெர்த்ல. 17 வயசுப் பிள்ளைங்க ஆயிரம் பேருக்கு மேல உக்கார்ற விதத்த ஃபோட்டோ எடுத்து அளந்தாங்க, 2016ல வந்த முடிவுல கூன் போட்டு உக்கார்றவங்களுக்கும் நேரா உக்கார்றவங்களுக்கும் கழுத்து வலில வித்தியாசம் தெரியல. ஆனா கூன் போட்டு உக்கார்ற பிள்ளைங்கள்ல மனச்சோர்வு கூட இருந்துச்சு, நேரா உக்கார்றவங்க உடற்பயிற்சி கூட செஞ்சாங்க.

இத படிச்சதுலேருந்து நான் அம்மாக்கள்கிட்ட "நிமிந்து உக்காருன்னு அவனத் திட்டாதீங்க, அவன் தூங்குறானா, வெளாடுறானா, மனசு எப்படி இருக்குன்னு பாருங்க"ன்னுதான் சொல்றேன். பிளஸ் டூ வருஷம், நீட் கோச்சிங் இருந்தா அது வேற, காலைல அஞ்சரைக்கு ட்யூஷன், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் படிப்பு, மிச்சம் இருக்கிற நேரத்துல ஃபோன். வெளாட்டுங்கிறதே பத்தாவதோட நின்னு போச்சு. அவனுக்கு கழுத்து வலி வர்றதுன்னா இந்த வழியாத்தான் வரும். சாயங்காலம் அரை மணி நேரம் பந்தோ பேட்டோ எடுத்துட்டு வெளிய போக விடுங்க, மார்க் கொறஞ்சிடாது. ராத்திரி படுக்கைக்கு ஃபோன் போகக் கூடாதுங்கிறத மட்டும் கண்டிப்பா வைங்க, அது கழுத்துக்காக இல்ல, தூக்கத்துக்காக.

சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தலைய புடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுப்பாங்க, படக்குனு சத்தம் வந்ததும் சொகமா இருக்கும். என் வயசு 52, பிபி இருக்கு. பையன் கூடாதுங்கிறான்.
(வாசகர், திருச்சி)

பையன் சொல்றது சரி, இன்னையோட நிறுத்துங்க. கழுத்து எலும்புக்குள்ள ஓட்ட வழியா ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் போகுது. தலைய வெடுக்குனு திருப்பும்போது அந்தக் குழாயோட உள் சுவர் கிழிஞ்சா ரத்தக் கட்டி உண்டாகி பக்கவாதம் வரலாம். அடிக்கடி நடக்கிறது இல்லதான், ஆனா நடந்தா திரும்ப முடியாது, முடி வெட்டுன எடத்துல சும்மா கெடைக்கிற ஒரு சொகத்துக்கு இந்த வெலை வேணாம். உச்சந்தலை மசாஜ், தோள அமுக்கி விடுறதெல்லாம் பரவால்ல, தலைய மட்டும் திருப்ப விடாதீங்க, உக்காரும்போதே "அண்ணே நெட்டி வேணாம்"னு சொல்லிடுங்க. நெட்டி எடுத்த அப்புறம் இதுவரைக்கும் வராத மாதிரி ஒரு பக்கக் கழுத்து வலி, தலைசுத்தல், பேச்சு குழறல், ரெட்டையா தெரியிறது இதுல எது வந்தாலும் உடனே 108.

காலைல எழுந்தா கழுத்து ஒரு பக்கம் புடிச்சுக்குது. தலைகாணிய வெயில்ல காய வைக்கச் சொல்றாங்க பாட்டி. எந்தத் தலைகாணி நல்லது?
(வாசகி, தஞ்சாவூர்)

சுளுக்கு ரெண்டு மூணு நாள்ல தானா விட்டுடும், அதனாலதான் தலைகாணிய காய வச்சாலும் சரியான மாதிரி இருக்கு. காய வைக்கிறதுல கெடுதல் இல்ல, பாட்டி மனசுக்காக வைங்க. வெந்நீர் ஒத்தடம், வலி விடுற அளவுக்கு மெதுவா தலைய அசைக்கிறது, அவ்வளவுதான். தலைகாணில இதுதான் உசத்தின்னு ஒண்ணு இல்ல. ஒருக்களிச்சுப் படுத்தா தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கிற எடம் நெறையணும், மல்லாந்து படுத்தா மோவாய் நெஞ்சுல இடிக்கக் கூடாது, குப்புறப் படுக்கிறத கொறைங்க. ஐயாயிரம் ரூபா தலைகாணி வாங்கணும்னு இல்ல.

லாரி ஓட்டுறேன், 46 வயசு. சுகர் இருக்கு, சிகரெட் உண்டு. கழுத்து, இடது தோள் ரெண்டும் வலி, கைய மேல தூக்க முடியல.
(வாசகர், நாமக்கல்)

கைய மேல தூக்க முடியலன்னா அது கழுத்தே இல்லாம தோள்பட்டை இறுகிப் போனதா இருக்கலாம், சுகர் இருக்கிறவங்களுக்கு அது ரொம்ப சகஜம், அதனால கழுத்துக்கு மட்டும் பாக்காம தோளையும் காட்டுங்க. சிகரெட் கழுத்து வலியோட சேந்தே போகுதுன்னு மேல சொல்லியிருக்கேன், விடுறதுக்கு இன்னொரு காரணமா வச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க அண்ணே, இடது தோள், கழுத்து, தாடை வலியோட நெஞ்சு அழுத்தம், வேர்வை, மூச்சு வாங்கல் வந்தா வண்டிய ஓரம் கட்டிட்டு 108 கூப்பிடுங்க, சுகர்காரங்களுக்கு நெஞ்சு வலி சரியா தெரியாமலே ஹார்ட் அட்டாக் வரும்.

அப்பாவுக்கு 63. கழுத்து வலி லேசாத்தான் இருக்கு, பெருசா சொல்லல. ஆனா சட்டை பட்டன் போட முடியல, எழுத்து கோணுது, நடக்கும்போது செருப்பு கழண்டு போறதே தெரியல. வயசாயிடுச்சுன்னு சொல்றார். எண்ணெய் தேய்ச்சு விடலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

தேய்க்காதீங்க, டிராக்‌ஷனும் (கழுத்த இழுத்துக் கட்டுற சிகிச்சை) வைக்காதீங்க, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. வந்த கடிதத்துலயே வலி கொறச்சலா இருக்கிறது உங்க அப்பாவுக்குத்தான், ஆனா என்னை ரொம்பக் கவலைப்பட வச்சது இதுதான். பட்டன் போட முடியாம போறது, செருப்பு கழண்டது தெரியாம போறது, ரெண்டும் சேந்தா கழுத்துக்குள்ள தண்டுவடம் நசுங்குதோன்னு சந்தேகப்படணும். தேய்மானம் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு மேல சொன்னேன், செய்யிற சிலர்ல இது ஒரு வகை, இங்க எம்ஆர்ஐ கட்டாயம் வேணும். லேட்டாக்கினா போன பலம் முழுசா திரும்பாது, சில பேருக்கு ஆபரேஷன் வேண்டி வரும்.

நியூரோ சர்ஜனையோ முதுகெலும்பு பாக்குற எலும்பு டாக்டரையோ பாருங்க, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயே பாக்கலாம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. டாக்டர்கிட்ட "கழுத்து வலி"ன்னு மட்டும் சொன்னா மாத்திரை எழுதிக் கொடுத்துட வாய்ப்பு இருக்கு, அதனால பட்டன், எழுத்து, செருப்பு மூணையும் வாய்விட்டு சொல்லுங்க, ஒண்ணுக்குப் போறதுல மாற்றம் இருக்கா, குனிஞ்சா முதுகுல ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கான்னு அப்பாகிட்ட இன்னைக்கே கேட்டு அதையும் சொல்லுங்க. காய்ச்சல், எடை கொறையிறது, ராத்திரி தூங்க விடாத வலி, முன்னாடி டிபியோ கேன்சரோ வந்திருந்தா அதையும் மறைக்காம சொல்லணும். அதுவரைக்கும் அப்பாவ மாடிப்படி, பாத்ரூம்ல தனியா விடாதீங்க, டூவீலர் சாவிய வாங்கி வச்சுக்கோங்க.